கேரோவின் இடது காது

சீப்பு மூன்றாவது தடவையாக அதே இடத்தில் போய்ச் சிக்கியது. ஹெம்மாவின் இடது காதுக்குப் பின்னால் குருவிக்கூடு மாதிரி ஒரு முடிச்சு. நேற்று வைக்கோல்போரில் தம்பியோடு புரண்டதற்குக் கிடைத்த கூலி. "வலிக்குதும்மா" என்று ஏழு வயது ஹெம்மா தோளைக் குறுக்கினாள். "வலிக்காம எந்தச் சிக்கு பிரிஞ்சிருக்கு, ஆடாம இருடி" என்று ரிக்கிஸா முடியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொம்புச் சீப்பின் ஓரப் பல்லால் ஒவ்வொரு இழையாக விடுவித்தாள். அவசரமே இல்லை. சிக்கு இருக்கிற வரைக்கும் பிள்ளை மடியோடு ஒட்டி இருக்கும். சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, நாடா கட்டி முடித்துவிட்டால் கீழே கூட்டிக்கொண்டு போக வேண்டும். கீழே கூடத்தில் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலகைத் தரையின் இடுக்கு வழியாக அடுப்புப் புகையும் அவர்கள் பேச்சும் ஒன்றாக மேலே வந்தன. புகை கண்ணைக் கரித்தது, பேச்சு காதைக் கரித்தது, இரண்டுமே முழுசாக வந்து சேரவில்லை. "முதல் பிள்ளை" என்று ஒரு குரல். பிறகு ஓர் இருமல். பிறகு பெஞ்சு கிரீச்சிடுகிற சத்தம். முதல் பிள்ளை யாருக்கு? அந்த இடம் வரும்போது மட்டும் யாரோ இருமுகிறார்கள், இல்லையென்றால் முற்றத்தில் வாத்து கத்துகிறது, இல்லையென்றால் விறகு வெடிக்கிறது. உலகத்துச் சத்தமெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் ஏறி உட்காரத்தான் பிறந்ததா என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாகவும் இருந்தது, நெஞ்சில் ஒரு கல்லும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதே அவளுக்கு இன்று காலைதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ரிக்கிஸாவின் வீட்டுக்காரர் ஓத்மார் ஒரு பிரபு. ஜெர்மானிய நாட்டின் தெற்கே, மலையிலிருந்து இறங்கி வருகிற ஆற்றின் கரையில், எர்லாக் என்கிற இந்தக் கல் கோபுரம் அவருடையது. வாள் உண்டு, இரண்டு குதிரை உண்டு, கேடயத்தில் நீலச் சேவல் உண்டு, ஊரார் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். எல்லாம் உண்டு, அவருடைய உடம்பு மட்டும் அவருடையது இல்லை. அது மலைக்கோட்டையில் இருக்கிற கோமகனுக்குச் சொந்தம். அப்பா சொந்தம், அப்பாவைப் பெற்றவர் சொந்தம், அந்த வழியில் இவரும் சொந்தம். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் அப்படியும் ஒரு வகைப் பிரபுக்கள் இருந்தார்கள். "கழுத்துல மணி கட்டின மாடுதான் நாங்க. மணி வெள்ளி மணி, அவ்வளவுதான்" என்று ஓத்மாரே நாலு கோப்பை பீர் உள்ளே போன நாளில் சொல்லிச் சிரிப்பார். ரிக்கிஸா அக்கரைக்காரி. அவள் அக்கரைத் திருச்சபையின் தலைவரான ஆயருக்குச் சொந்தம். சின்னப் பெண்ணாக இருக்கும்போது குளிக்கிற தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஆயருடைய அடையாளம் தன் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறாள். ஆட்டுக்காவது காதில் ஒரு வெட்டு இருக்கும். கோமகன் ஆடென்றால் ஒரு வெட்டு, ஆயர் ஆடென்றால் இரண்டு. தனக்கு முழங்காலில் ஒரு மச்சம் இருந்தது, அதுவாக இருக்குமோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சில சமயம் அந்த மச்சத்தைப் பார்த்தால், இந்தா ஆயரே உம்முடையது, மீதியெல்லாம் என்னுடையது என்று சொல்லத் தோன்றும். இப்படி ஒருவருக்குச் சொந்தமானவனும் இன்னொருவருக்குச் சொந்தமானவளும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிள்ளைகளைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம், அதற்கடுத்தது மறுபடி இந்தப் பக்கம். ஏழு வயது வரைக்கும் எந்தப் பிள்ளையும் தாயிடம் இருக்கலாம். ஏழு முடிந்ததும் ஆயருடைய பங்குப் பிள்ளை அக்கரைக்குப் போய் அவர் மாளிகையில் வளர வேண்டும். ஹெம்மாவுக்குப் போன செவ்வாய்க்கிழமை ஏழு முடிந்தது.

ஆக முதல் பிள்ளை ஆயருக்கு என்றால் ஹெம்மா இன்றைக்கே ஆயர் அனுப்பியிருந்த பாதிரியாரின் படகில் ஏறிவிடுவாள். முதல் பிள்ளை கோமகனுக்கு என்றால் ஹெம்மா இங்கேயே இருப்பாள், இரண்டு வருஷம் கழித்து தம்பி டீமோ போவான். ரிக்கிஸா இதை விடிந்ததிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ரொட்டியைக் கருகாமல் புரட்டுகிற மாதிரி. இரண்டு பக்கமும் கருகல்தான். சரி, கல்யாணத்தன்று என்ன பேசினார்கள்? எட்டு வருஷத்துக்கு முன்னால் கோவில் வாசலில், இரண்டு தரப்பும் நின்று, சத்தமாகச் சொல்லி முடித்த பேச்சு. எழுதி வைக்கவில்லை. எழுத்தை எலி தின்னும், தண்ணீர் தின்னும். அந்தச் சீமையில் ஒரு பேச்சை நினைவில் நிறுத்துவதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். சாட்சிக்காரனின் காதைப் பிடித்து நன்றாக ஓர் இழுப்பு. இழுத்த வலியோடு சொல் உள்ளே போய்விடும், செத்தாலும் வெளியே வராது என்று நம்பிக்கை. நிலம் கைமாறினால் காதை இழு, வாய்க்கால் வெட்டினால் காதை இழு, பெண் கொடுத்தால் காதை இழு. ஊரில் கொஞ்சம் யோக்கியன் என்று பெயரெடுத்தவன் காதெல்லாம் முட்டைக்கோஸ் இலை மாதிரி விரிந்திருக்கும். ரிக்கிஸாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இதில் ஒரு சந்தேகம். ஏன் காது? சாப்பிட்டதெல்லாம் நாக்குக்கு ஞாபகம் இருக்கிறது, நடந்த வழியெல்லாம் காலுக்கு ஞாபகம் இருக்கிறது. காது ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடுகிற சாமானாயிற்றே, அதைப் போய் நம்பலாமா?

அன்று நான்கு பேரின் காதை இழுத்தார்கள். ஒருவர் ஆற்றோடு போனார். ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார். ஒருவர் புண்ணிய பூமிக்கு நடக்கிறேன் என்று புறப்பட்டுப் போனவர், இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது. மிச்சம் கேரோ ஒருவர்தான். மேட்டுப் பண்ணைக்காரர், நல்ல மனுஷர், போன குளிரில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் அடைத்துப்போனவர். இழுத்த காதே அவிந்துபோய்விட்டது. இப்போது அவரைத்தான் கீழே நடுவில் உட்காரவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். "கேரோ! முதல் பிள்ளை யாருக்குன்னு சொன்னாங்க?" இது கோமகனின் மணியக்காரர், தொண்டையில் எப்போதும் கரகரப்பு. "குதிரைப் பிள்ளையா? முதல் குட்டி பொட்டை, அடுத்தது ரெண்டும் ஆண்!" என்று கேரோவின் குரல் கோபுரமே அதிர எழுந்தது. "குட்டி இல்லைய்யா, கல்யாணம்! கல்யாணம்!" இது அக்கரைப் பாதிரியார், மெல்லிய குரல், உச்சத்துக்குப் போனால் கீச்சிடும். "யாருக்குக் கல்யாணம்? இந்த வயசுலயா? எனக்கு எதுக்குங்க சாமி!" மேலே ஹெம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரிக்கிஸாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சீப்பு கையில் ஆடியது. சிரித்து முடித்தபோது மகளின் கழுத்தில் சிரிப்பால் ஏறிய சிவப்பு இன்னும் இறங்காமல் இருப்பதைப் பார்த்தாள். இந்தச் சிவப்பு இவளுக்கு எங்கே தொடங்கும், எந்தப் பக்கமாக இறங்கும் என்பது எனக்குத் தெரியும், அக்கரையில் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்து, சிக்கில் சீப்பு மாட்டினாற்போல அங்கேயே நின்றது.

அவளும் அன்று அங்கேதானே நின்றாள். பதினாறு வயசு, மணப்பெண், மணியக்காரரிடமிருந்து இரண்டு எட்டு தூரம். ஊரில் இருக்கிற எல்லாரையும்விடக் கிட்டத்தில் நின்றவள் அவள்தான். அந்தச் சொல் அவள் காதில் விழாமல் எங்கே போயிருக்கும்? ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. பெண்ணின் காதை இழுப்பதில்லை. கல்யாணமான பெண்ணின் காது முக்காட்டுக்குள் இருக்கிறது, அதை எவன் தொடுவது? இழுக்காத காது சாட்சி ஆகாது. யாரும் கேட்காவிட்டாலும் அவள் தன்னைத்தானே மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ஞாபகம் இருந்தது. மழை. கோவில் வாசல் வளைவில் நீர் ஒழுகி ஒரே இடத்தில் சொட்டிச் சொட்டிக் கல்லில் குழி. நனைந்த கம்பளி நாற்றம். ஓத்மாரின் புதுச் செருப்பு ஒன்று கடித்ததால் அவர் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றது, நொண்டிக்கா நம்மைக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவள் பயந்தது. மணியக்காரர் தாடியில் ஒரு ரொட்டித் துணுக்கு. அவர் வாய் திறக்கிறது. "முதல் பிள்ளை..." அதற்கப்புறம் ஒரு ஓட்டை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி மனசு அங்கேயே போய்ப் போய் வந்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது. தன் பிள்ளைகளின் தலையெழுத்தைச் சொல்கிறார்கள், இவள் தாடியில் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆனால் அன்று பிள்ளை என்பது வெறும் சொல்தானே. முகம் இல்லை, சிக்கு இல்லை, இரண்டு முன்பல் ஆடவில்லை. முகமில்லாத பிள்ளையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்போல இருந்தது.

இன்று விடிகாலையில் ஓத்மார் கூழ்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கரண்டியை வைத்துக் கூழில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணு எப்படியும் ஒரு நாள் போகப்போறவதானே ரிக்கிஸா. நீ வரலையா? பையன் போனா இந்தக் கோபுரத்துக்கு யாரு?" "நான் பதினாறுல வந்தேன், ஏழுல வரலை" என்றாள் அவள். "அக்கரைல நல்லாப் பார்த்துக்குவாங்க. எழுத்துகூடச் சொல்லித் தருவாங்களாம்." "அப்ப பையனுக்கு எழுத்து வேண்டாமா?" அவர் கூழில் இன்னொரு கோடு போட்டார். கெட்டவர் இல்லை. ஹெம்மாவைக் குதிரையில் முதல் முதலாக ஏற்றியது அவர்தான். அவள் விழுந்தபோது இவளுக்கு முன்னால் ஓடியதும் அவர்தான். ஆனால் மூன்று நாளாக மகளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நேற்று லாயத்துக்குப் போனபோது சின்னச் சேணம் ஆணியிலிருந்து இறங்கியிருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்து, வெயில் படுகிற இடத்தில் காயவைத்திருந்தது. அக்கரையில் படகு இறங்கினதும் மாளிகைக்கு அரை நாள் குதிரையில் போக வேண்டும். அந்தச் சேணத்தின் பளபளப்பை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு அழகாக அவர் எதையும் தேய்த்ததில்லை. அன்பையும் இப்படித்தான் தேய்க்கிறார்கள், வழியனுப்புவதையும் இப்படித்தான் தேய்க்கிறார்கள், எதைத் தேய்த்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அம்மா, பாதின்னா எந்தப் பாதி?" ஜன்னல் மாடத்தில் ஏறி உட்கார்ந்திருந்த டீமோ கேட்டான். ஐந்து வயசு, கேட்காத கேள்வி கிடையாது. "என்னோட இடது பக்கம் ஆயருக்கா, வலது பக்கம் கோமகனுக்கா? நான் வலது கையாலதான் சாப்பிடறேன், அப்ப ஆயரு பக்கம் பட்டினியா?" "உன்னைப் பாதியா வெட்டமாட்டாங்கடா." "வெட்டினா அக்காவைத்தான் முதல்ல வெட்டணும், அவதான் பெரிசு." "நீ சும்மா இருடா, வாத்தை எண்ணு" என்றாள் ஹெம்மா. அதற்குள் சிக்கு பாதி பிரிந்திருந்தது. ரிக்கிஸா ஒரு பக்கத்து முடியை மூன்றாகப் பகுத்துப் பின்ன ஆரம்பித்தாள். ஹெம்மா திரும்பாமலே கேட்டாள்: "அக்கரைல யாரும்மா எனக்குச் சிக்கெடுப்பாங்க?" ரிக்கிஸாவின் விரல் ஒரு பின்னலைத் தவறவிட்டது. "யாரு போகப்போறான்னு இன்னும் தெரியலையே." "தெரியும். அப்பா சேணத்தைத் தேய்ச்சாரு." இவளும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டும் நேற்றெல்லாம் சிரித்துக்கொண்டு, வைக்கோலில் புரண்டுகொண்டு இருந்திருக்கிறாள். அன்று முகமில்லாத வெறும் சொல்லாக இருந்த பிள்ளைக்கு இவ்வளவு ஆழம் எங்கிருந்து வந்தது? ரிக்கிஸா தவறவிட்ட பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். முற்றத்திலிருந்து வாத்துக் கொழுப்பு உருக்குகிற வாசனை வந்தது, நாளைக்கு ஊரெல்லாம் வாத்து சமைக்கிற மார்ட்டின் திருநாள். வயிறு ஒரு புரட்டு புரட்டியது. அது வேறு. இரண்டு மாதமாக அது வேறு. யாருக்கும் சொல்லவில்லை, ஓத்மாருக்கும்கூட. சொன்னால் அதையும் கீழே மேஜைமேல் வைத்து எண்ணுவார்கள். மூன்றாவது யாருக்கு என்று ஒரு இருமல், ஒரு கிரீச். இது கொஞ்ச நாளைக்காவது யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தாள்.

"நொண்டி ஒண்ணு, கறுப்பு வால் ரெண்டு, மூணு, நாலு..." டீமோ ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தான். வாத்துகள் வரிசையாகக் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன. நொண்டி வாத்து எப்போதும் கடைசி. அவன் எப்போதும் நொண்டியிலிருந்துதான் ஆரம்பிப்பான். "ஏன்டா பின்னாலிருந்து எண்ணுற? முன்னாலிருந்து எண்ணு" என்றாள் ரிக்கிஸா, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பழக்கத்தில். "முன்னால இருக்கிறது நிக்க மாட்டேங்குதும்மா. கடைசிதான் நிக்குது." அவன் சொன்னது காதில் விழுந்தது, விழுந்துவிட்டு எங்கோ உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஹெம்மாவின் காதுக்குப் பின்னால் கடைசி முடிச்சு பட்டென்று விட்டது, பிள்ளை "ஆ!" என்று கத்தியது, அந்த "ஆ"வில் எட்டு வருஷத்துக்கு முந்திய மழை திரும்ப வந்தது. கத்தினார். கேரோ கத்தினார். மணியக்காரர் "முதல் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே, சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுக்காமல், கேரோவின் இடது காதைப் பிடித்து இழுத்தார். மழையில் நனைந்த காது, வழுக்கியது. திரும்ப நகம் பதியப் பிடித்து முறுக்கினார். கேரோ "ஐயோ அம்மா" என்று போட்ட சத்தத்தில் கோவில் கூரைப் புறாவெல்லாம் கிளம்பிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஓத்மார் நொண்டிக்கொண்டே சிரித்தார், அவளும் முக்காட்டுக்குள் சிரித்தாள். அந்தக் கத்தலுக்கு அடியில் மணியக்காரரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நினைவில் நிற்பதற்காக இழுத்தார்கள், இழுத்ததாலேயே யாருக்கும் கேட்காமல் போயிற்று! ரிக்கிஸா பின்னலைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் கீழே இருக்கிற நான்கு பேரும் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மணியக்காரர் வருஷத்துக்கு நூறு பேச்சு பேசுகிறவர், அவருக்கு எங்கே ஞாபகம். கேரோவுக்கு வலிதான் ஞாபகம். அந்தச் சொல் யாரிடமும் இல்லை. அது ஒரு காலி நாற்காலி மாதிரி கிடக்கிறது. காலி நாற்காலியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம்.

"ரிக்கிஸா! பிள்ளைங்களைக் கூட்டிட்டு இறங்கி வா" என்று ஓத்மாரின் குரல் வந்தது.

ஹெம்மாவுக்கு ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த முடி. "இன்னொண்ணு?" என்றாள் அவள். "அப்புறம் போட்டுக்கலாம், வா." அப்புறம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று பட்டது. ஏணிப்படியில் டீமோவை இடுப்பிலும் ஹெம்மாவைக் கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, எண்ணிப் பார்த்தால் பதினோரு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைப்பு. கோமகனுக்கு என்று சொன்னால் ஹெம்மா இருப்பாள். இரண்டு வருஷம் கழித்து இதே படியில் டீமோவைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஆயருக்கு என்றால் இன்றைக்கே. ஒரு கை கனத்தது, இன்னொரு கையும் கனத்தது. எந்தக் கையை விடுவது என்று யோசிக்கிற தாய்க்குக் கை எதற்கு? கடைசிப் படியில் கால் வைத்தபோது டீமோவின் குரல் அவள் மனசுக்குள் தானாகச் சொன்னது: கடைசிதான் நிக்குது.

கூடத்தில் மணியக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். இப்போது நரைத்துவிட்டது, ரொட்டித் துணுக்கு மட்டும் அப்படியே. பாதிரியார் மூக்கைத் துடைத்தார். கேரோ அடுப்பருகே பீர்க் கோப்பையோடு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி. ஓத்மார் சுவரோரம் நின்றார். மகளை அப்போதும் பார்க்கவில்லை. பாதிரியார்தான் தொடங்கினார். "சாட்சி கிடைக்கலைம்மா. ஆனா ஒரு பிள்ளையோட வரச்சொல்லி எனக்கு உத்தரவு. மூத்ததுன்னா மூத்தது. படகு காத்திட்டிருக்கு."

"எனக்கு ஞாபகம் இருக்குங்க" என்றாள் ரிக்கிஸா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது, ஆனால் தெளிவாக இருந்தது.

"உனக்கா?" மணியக்காரர் கண்ணைச் சுருக்கினார். "கல்யாணப் பொண்ணுக்கு அன்னைக்கு வேற வேலையே இல்லையாக்கும்."

"இல்லைங்க. உங்க பக்கத்துலதான் நின்னேன். உங்க தாடியில ரொட்டி இருந்துச்சு." மணியக்காரர் கை தானாகத் தாடிக்குப் போனது. கேரோவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "கடைசியிலிருந்து எண்ணணும்னு சொன்னீங்க. கடைசிப் பிள்ளை ஆயருக்கு. அதுக்கு முந்தினது கோமகனுக்கு. அப்படியே மேல எண்ணிக்கிட்டு வரணும்."

"கடைசியிலிருந்தா?" என்றார் மணியக்காரர். "நானா சொன்னேன்?" பாதிரியார் கேரோவின் காதருகே போய் முழுத் தொண்டையில் கீச்சிட்டார்: "கேரோ! கடைசியா? கடைசின்னா சொன்னாங்க?" கேரோவின் முகம் மலர்ந்தது. அவர் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "கடைசிதான்! ஆமா சாமி, கடைசியேதான்!" ரிக்கிஸாவுக்குப் புரிந்தது. மனுஷர் தன்னைச் சொல்கிறார். நாலு சாட்சியில் நான்தான் கடைசி, மற்ற மூவரும் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறார். சிரிப்பு தொண்டை வரை வந்தது, பல்லைக் கடித்து அடக்கினாள். பாதிரியார் நிமிர்ந்தார். "சரி. கடைசின்னா கடைசி." அவர் கண் மெல்ல இறங்கி, அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்த டீமோவின் மேல் நின்றது. "அப்ப இந்தப் பையன். ஏழு முடிஞ்சதும் அனுப்பிடணும்."

இதை அவள் நினைக்கவேயில்லை. படியில் யோசித்த பதினோரு யோசனையிலும் இது இல்லை. டீமோ அவள் கழுத்தை இறுக்கினான். ஓத்மார் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். "இவன்தான் கடைசின்னு யாருங்க சொன்னது?" என்றாள் ரிக்கிஸா. கொஞ்ச நாளைக்கு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "கோடைக்கு இன்னொண்ணு வருது." ஓத்மார் அவள் வயிற்றைப் பார்த்தார். "எனக்கு இருபத்துநாலு வயசுதான் சாமி. கடைசி எதுன்னு எனக்கே தெரியாது. அதுக்கப்புறமும் வரும், அதுக்கப்புறமும் வரும். எல்லாம் வந்து முடியட்டும், அப்ப வந்து எண்ணிக்கோங்க."

மணியக்காரர்தான் முதலில் சிரித்தார். கோமகனுக்கு இன்றைக்கு எதுவும் நஷ்டமில்லை. பாதிரியார் மூக்கைத் துடைத்தார், கேரோவைப் பார்த்தார், கேரோ இன்னும் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தார். "பேச்சு அப்படின்னா அப்படியே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா காது இழுக்காத சாட்சியை நான் எப்படி ஆயர் முன்னால சொல்றது?"

"இழுத்துக்கோங்க" என்று ரிக்கிஸா பையனை இறக்கிவிட்டு, முக்காட்டின் ஊசியைக் கழற்றினாள். ஓத்மார் "ரிக்கிஸா" என்றார். துணி தோளில் விழுந்தது. எட்டு வருஷமாக வெளியே தெரியாத காதில் கூடத்துக் குளிர் பட்டது, விசித்திரமாக இருந்தது. ஹெம்மா ஒரு பக்கப் பின்னலோடு தாயின் காதை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மணியக்காரர் தயங்கி, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, இடது காது மடலைப் பிடித்தார். சின்ன வயசிலிருந்து இருந்த சந்தேகம் இன்றைக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையிலேயே உள்ளே போகுமா? பொய்யைச் சொல்லி இழுத்தால் பொய்தானே உள்ளே போகும்? பிறகு அதுவே ஞாபகம் ஆகிவிடுமா, தானே அதை நம்பிவிடுவோமா, அப்படி நம்பிவிட்டால் அது பொய்யா? "கடைசிப் பிள்ளை ஆயருக்கு" என்று மணியக்காரர் கரகரத்தார். இந்தத் தடவை சொல்லி முடித்த பிறகுதான் இழுத்தார்.

வலி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மழை கொட்டியது. புறாக்கள் இன்னும் கிளம்பவில்லை. கேரோ கத்துகிறார், அந்தக் கத்தலுக்கு அடியில், இரண்டு எட்டு தூரத்தில், எட்டு வருஷம் இளைய அந்தக் கரகரத்த குரல் துளிகூடச் சேதமில்லாமல், ஈரத்தோடு, அவள் காதுக்குள் சொன்னது: முதல் பிள்ளை ஆயருக்கு. அங்கேயேதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. காது ஒன்றையும் விடவில்லை. பிடித்து இழுத்துக் கேட்க ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணில் நீர் முட்டியது. நீருக்கு அப்பால் ஓத்மார், ஏழு வருஷத்தில் பார்க்காததைப் பார்க்கிறவர் மாதிரி, முதல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அந்தப் பின்னாத பக்கத்து முடியின் மேல் இருந்தது.

"ஞாபகம் இருக்குமா?" என்று மணியக்காரர், வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இருக்கும்" என்றாள் ரிக்கிஸா. கூடத்துக்கு இறங்கி வந்த பிறகு அந்தக் கல்யாணப் பேச்சைப் பற்றி அவள் சொன்னதில் கலப்பில்லாத உண்மை அந்த ஒரு சொல்தான்.